91 எங்கிருந்து வந்தது? வெப்பத் தகைவு சிமுலேஷனில் எதிர்பாராத விடை வந்தால்

மண்டபத்தில் பேருந்து ஏறி ராமேசுவரம் போகிறவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம்தான். பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியதும் சக்கரத்துக்கு அடியில் 'தடக்' என்று ஒன்று கேட்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'தடக்'. பாலத்தின் ஒரு துண்டும் அடுத்த துண்டும் சந்திக்கும் இடத்தில் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை டயர் தாண்டும் சத்தம் அது. வெயிலில் பாலம் நீளும். நீளட்டும் என்று இடம் விட்டிருக்கிறார்கள்.

ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மெக்கானிக்கல் இறுதியாண்டு. "அக்கா, சாஃப்ட்வேர் தப்பா விடை சொல்லுது. ரெண்டு நாளா மண்டை காயுது" என்றாள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் மேல் அவளுக்குத் தனி ஆசை. கப்பலுக்கு வழி விட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே எழுவதைத்தான் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அவள் எடுத்துக்கொண்டது மற்ற 99 கண்களில் (இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதிகளில்) ஒன்றை. 18.3 மீட்டர் நீள எஃகு கர்டர், அதாவது உத்திரம். காலையில் அது 30 டிகிரி செல்சியஸ், உச்சி வெயிலில் 60 என்று வைத்துக்கொண்டாள். இரண்டு முனையும் அசையாமல் பிடித்திருந்தால் உள்ளே எவ்வளவு தகைவு வரும்? கையால் போட்ட கணக்கில் 72 மெகாபாஸ்கல் வந்தது. சாஃப்ட்வேர் 91 என்றது. கர்டரின் இரண்டு முனைகளிலும், மூலைகளில், அதையும் தாண்டிச் சிவப்பாக எரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் எங்கே தேடுவது என்பதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு முன்னால் அடிப்படை ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிபட்டால் பாதிக் கோளாறு தானாகவே கண்ணில் படும்.

தகைவு, அதாவது வகுப்பில் ஸ்ட்ரெஸ் என்று சொல்வது, ஒரு பொருளுக்குள் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் இழுப்பு அல்லது நெருக்கல். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன் என்றால் அது ஒரு மெகாபாஸ்கல். திரிபு, அதாவது ஸ்ட்ரெய்ன், பொருள் எவ்வளவு நீண்டது அல்லது குறுகியது என்பதை அதன் நீளத்தோடு ஒப்பிட்ட விகிதம். சூடானால் எஃகு விரியும். ஒரு டிகிரிக்கு அதன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு. 18.3 மீட்டர் கர்டர் 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6.6 மில்லிமீட்டர் நீளும்.

அது நீள்வதை யாரும் தடுக்காவிட்டால் தகைவு பூஜ்யம். இதை நான் அவளிடம் மூன்று முறை சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்: சூடு தனியாகத் தகைவைத் தராது. நீள வேண்டியதை நீள விடாமல் ஏதோ ஒன்று பிடித்திருந்தால்தான் தகைவு வரும். அதனால் எதிர்பாராத தகைவைப் பார்த்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இங்கே யார் பிடித்திருக்கிறார்கள்?'

முழுக்கப் பிடித்திருந்தால் எவ்வளவு வரும் என்பதும் சுலபமான கணக்கு. எஃகின் யங் குணகம், அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் எண், ஏறத்தாழ 2,00,000 மெகாபாஸ்கல். அதை மேலே சொன்ன விரிவு எண்ணால் (பத்து லட்சத்தில் 12) பெருக்கினால் 2.4. அதாவது இரண்டு முனையும் அசையாமல் பிடித்த எஃகில், ஒவ்வொரு டிகிரிக்கும் 2.4 மெகாபாஸ்கல் நெருக்கல். 30 டிகிரிக்கு 72. கர்டர் 18 மீட்டரோ 18 சென்டிமீட்டரோ, இந்த எண் மாறாது. நீளமே கணக்கில் இல்லை என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயமாக இருக்கும். ரயில்வேக்காரர்களுக்கு இது கை மனப்பாடம். 60 கிலோ வகைத் தண்டவாளத்தின் வெட்டுப் பரப்பு 7,686 சதுர மில்லிமீட்டர். நீளமாகப் பற்றவைத்துப் பிடித்துவைத்த தண்டவாளத்தில் ஒரு டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்துக்குள் ஏறத்தாழ 1.9 டன் நெருக்கல் கூடும். கோடையில் தண்டவாளம் பாம்பு மாதிரி வளைவது இதனால்தான்.

சரி, 91-க்கு வருவோம். "91-ஐ 2.4-ஆல் வகுத்துப் பாரும்மா" என்றேன். திரையில் இருந்த எண் 91.2. வகுத்தாள், 38 வந்தது. "60-லிருந்து 38-ஐக் கழி." 22. அவள் திரையை ஒரு நிமிடம் பார்த்தாள், அப்புறம் செட்டிங்கைத் திறந்தாள். தொடக்க வெப்பநிலை என்ற கட்டத்தில், அவள் தொடாமலே, 22 என்று இருந்தது.

எல்லா சிமுலேஷன் சாஃப்ட்வேரிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. தகைவற்ற வெப்பநிலை, ஒப்பீட்டு வெப்பநிலை என்று பெயர் மட்டும் மாறும். அன்சிஸ் ஒர்க்பெஞ்ச் கேட்காமலே 22 என்று வைத்துக்கொள்ளும். காம்சால் 293.15 கெல்வின், அதாவது 20 டிகிரி, வைத்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் பூஜ்யம். ஏர் கண்டிஷன் போட்ட அறைக்கு 22 சரியாக இருக்கலாம். மண்டபத்தில் மார்கழி விடியற்காலையில்கூட நாம் அதை எதிர்பார்க்க மாட்டோம். என் அனுபவத்தில், வெப்பத் தகைவு தப்பாக வந்தது என்று காட்டப்படும் கணக்குகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நான் எந்தக் கணக்கைத் திறந்தாலும் முதலில் இந்தக் கட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

அந்தக் கட்டத்தில் என்ன எண் போடுவது? இதற்குப் பழைய மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மரச் சக்கரத்தைச் சுற்றிக் கொல்லர் இரும்புப் பட்டை கட்டுவார். பட்டை சக்கரத்தைவிட ஒரு விரல்கடை சின்னதாக இருக்கும். சுற்றிலும் தீ மூட்டிப் பட்டையைச் சிவக்கச் சுடுவார்கள். விரிந்ததும் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் போட்டு, புகை எழ எழத் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும், மரம் 'மடமட'வென்று முனகும், ஆரக்கால்கள் எல்லாம் இறுகிக்கொள்ளும். அந்தப் பட்டையில் தகைவு இல்லாத நேரம் எது? சூடாக, தளர்வாகச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்த அந்தக் கணம். தெருவில் ஓடும் சாதாரண வெப்பநிலையில்தான் அது இழுபட்டு நிற்கிறது. சுற்றுச்சூழலின் வெப்பநிலையைக் கட்டத்தில் போட்டால் சக்கரமே கழன்றுவிடும் என்று சாஃப்ட்வேர் சொல்லும். ஆகவே அங்கே போட வேண்டியது, துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து 'இனி நகர முடியாது' என்று ஆன நேரத்து வெப்பநிலை. கர்டருக்கு அது தூண் மேல் உட்கார்ந்து பேரிங்கில் (தூணுக்கும் கர்டருக்கும் நடுவே உள்ள தாங்கியில்) பிணைத்த நேரத்தின் வெப்பநிலை. பற்றவைத்த தண்டவாளத்துக்கு ரயில்வே அதை யோசித்துத் தேர்ந்தெடுத்தே பொருத்துகிறது.

அவள் 22-ஐ 30 ஆக்கினாள். நடுவில் 72 வந்தது. முகம் மலர்ந்தது. ஆனால் மூலைகள் சிவப்பாகவே இருந்தன.

கணக்குக்காக சாஃப்ட்வேர் கர்டரைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். அந்த வலைதான் மெஷ், அதில் ஒரு துண்டு எலிமென்ட். இங்கே ஒரு சோதனை செய்யச் சொன்னேன். மெஷ்ஷின் அளவைப் பாதியாக்கு, மறுபடி ஓட்டு. நடுவில் அதே 72. மூலையில் எண் ஏறியது. இன்னும் பாதியாக்கினாள், இன்னும் ஏறியது. மெஷ் நுணுக்கமாக ஆக ஆக விடை ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். நிலைக்காமல் ஏறிக்கொண்டே போனால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. கணக்கின் அமைப்பிலேயே அங்கே முடிவிலி உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு பெரிய எண் கிடைக்கும்.

காரணம் அவள் முனைகளுக்குக் கொடுத்த பிடிப்பு. 'முழுதாகப் பிடி' என்ற ஒரே பட்டனை அழுத்தியிருந்தாள். அது நீளவாக்கில் மட்டுமா பிடிக்கிறது? குறுக்கே, மேலே கீழே என்று அந்த முகத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் ஆணி அடித்த மாதிரி பிடிக்கும். சூடான கர்டர் பருக்கவும் செய்யும். முனையில் பருக்க முடியாமல், ஒரு விரல் தள்ளி உள்ளே பருக்க முடிந்து, இரண்டுக்கும் நடுவே மூலையில் அந்த இழுபறி. நிஜத்தில் அப்படிப் பிடிக்கிற கருவி எதுவும் தூண் மேல் இல்லை. கர்டர் பேரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ஒரு முனை நகரவும் இடம் உண்டு.

ஆரம்பத்தில் இருப்பவர்கள் எல்லாரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் பூஜ்யச் சோதனை. உங்கள் மாடலில் ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கட்டும். எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலை கொடுங்கள். எல்லாப் பிடிப்புகளையும் நீக்கிவிட்டு மூன்றே புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். முதல் புள்ளியை மூன்று திசையிலும் பிடியுங்கள். அதிலிருந்து நீளவாக்கில் நேர்கோட்டில் இருக்கும் இரண்டாவதைக் குறுக்குத் திசைகள் இரண்டில் மட்டும் பிடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் தள்ளியிருக்கும் மூன்றாவதை மேல்-கீழ் திசையில் மட்டும் பிடியுங்கள். ஆறு பிடி. மாடல் பறந்து போகாது, சுழலாது, ஆனால் விரிய முழுச் சுதந்திரம் உண்டு. ஓட்டினால் தகைவு பூஜ்யம் வர வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கின் கடைசி இலக்கப் பிசிறு, மெகாபாஸ்கலில் லட்சத்தில் ஒரு பங்கு போல, இருக்கலாம். அதற்கு மேல் ஏதாவது வந்தால் மாடலில் எங்கோ ஒரு பிடி ஒளிந்திருக்கிறது. சமச்சீர் தளத்தைத் தப்பான முகத்தில் கொடுத்திருக்கலாம், ஒட்டுத் தொடர்பு ஒன்று கூடுதலாக இருக்கலாம், எங்கோ ஒரு துண்டில் வேறு விரிவு எண் ஏறியிருக்கலாம்.

அவள் ஓட்டினாள். தகைவு பூஜ்யம். ஆனால் உடனே அடுத்த பயம். "அக்கா, ஸ்ட்ரெய்ன் மட்டும் 0.00036-னு காட்டுதே?" காட்டத்தான் வேண்டும். பத்து லட்சத்தில் 12 பங்கு, பெருக்கல் 30. அது வெறும் வெப்பத் திரிபு. மொத்தத் திரிபிலிருந்து வெப்பத் திரிபைக் கழித்து மிஞ்சுவதுதான் தகைவைத் தரும். சாஃப்ட்வேரில் இரண்டும் அடுத்தடுத்துப் பட்டியலில் இருக்கும். மொத்தத் திரிபின் படத்தைப் பார்த்துவிட்டு 'இவ்வளவு இழுபட்டிருக்கே' என்று பதறுவது சகஜம்.

அடுத்து வந்தது அவளுக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். வெயில் மேலேதானே அடிக்கிறது, அதனால் மேல் பக்கம் 60, அடியில் 30, நடுவில் சீராகக் குறைகிறது என்று கொடுத்தாள். வெப்பநிலை வித்தியாசம் இருக்கிறது, கட்டாயம் தகைவு வரும் என்று எதிர்பார்த்தாள். மறுபடி பூஜ்யம்! இந்த முறை சாஃப்ட்வேர்தான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டாள்.

அது சரியான விடை. வெப்பநிலை நேர்கோட்டில் மாறினால், சுதந்திரமாக இருக்கும் ஒரே பொருளால் ஆன கர்டர் வளைந்து கொடுத்தே தப்பித்துவிடும். மேலே நீளம், கீழே குட்டை. முதுகு உயர்ந்து வில்லாகும். உள்ளே யாரும் யாரையும் இழுக்க வேண்டிய அவசியமே வராது. கர்டரின் உயரம் 1.5 மீட்டர் என்று வைத்தால் நடுவில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் எழும். அந்த வளைவைத் தடுத்தால்தான் தகைவு. நிஜ வெயிலில் வெப்பநிலை நேர்கோட்டில் குறைவதில்லை. மேல் தகடு கொதிக்கும், அதற்குச் சற்றுக் கீழேயே நிழலும் கடல் காற்றும் சேர்ந்து சூட்டை வேகமாகக் குறைக்கும். அந்தக் கோடு வளைந்த அளவுக்கு மட்டும், யாரும் பிடிக்காமலே, ஒரு பகுதி இன்னொரு பகுதியைப் பிடித்துக்கொண்டு தகைவு எழும். பிடிக்கிற கை எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தடித்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கிற டீயை ஊற்றினால் 'டிக்' என்று விரிசல் விடும். மெல்லிய டம்ளர் பெரும்பாலும் தப்பிக்கும். உள்பக்கம் சூடாகி விரியப் பார்க்கிறது, வெளிப்பக்கத்துக்குச் சூடு இன்னும் போய்ச் சேரவில்லை, அது பிடித்து இழுக்கிறது. உள்ளே நெருக்கல், வெளியே இழுப்பு. கண்ணாடிக்கு நெருக்கல் தாங்கும், இழுப்பு ஆகாது. கனம் கூடினால் வெளிப்பக்கம் பின்தங்குவதும் கூடும்.

இந்த மாதிரித் திடீர்ச் சூட்டைக் கணக்கிடும்போது ஒரு தனி விநோதம் வரும். டம்ளர் 30 டிகிரி, டீ 90 டிகிரி. எல்லா இடத்திலும் விடை 30-க்கும் 90-க்கும் நடுவில்தானே இருக்க வேண்டும்? சில நேரம் சாஃப்ட்வேர் ஒரு மூலையில் 26 என்று காட்டும். சூடான டீயை ஊற்றிக் கண்ணாடி குளிர்ந்ததாம். இது இயற்கையில் நடக்காது. தகைவுப் படத்தைத் திறப்பதற்கு முன் வெப்பநிலைப் படத்தைத் திறந்து, மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நொடி வேலை. எல்லை மீறியிருந்தால் காரணம் பெரும்பாலும் மெஷ் பெரிதாக இருந்து நேரத் தாவல், அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவே விடும் நேரம், மிகச் சிறிதாக இருப்பது. ஒரு எலிமென்ட்டைச் சூடு கடந்து போகவே நேரம் ஆகும். அதற்குள் பத்துத் தடவை கணக்குப் போட்டால் எண்கள் தள்ளாடும். சாதாரணக் கண்ணாடிக்கு ஒரு மில்லிமீட்டர் எலிமென்ட் என்றால், தோராயமாக மூன்றில் ஒரு நொடிக்கும் குறைவான தாவல் இந்தத் தள்ளாட்டத்தை உண்டாக்கும். 'துல்லியம் வேண்டும்' என்று நேரத்தை மட்டும் நறுக்குவது இங்கே எதிர்மாறான விளைவைத் தரும். சூடு படும் முகத்தை ஒட்டி மெஷ்ஷையும் சேர்த்து நறுக்குங்கள்.

அலகுக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 டிகிரியை 60 கெல்வின் என்று கொடுத்துவிட்டால், ஒப்பீட்டு வெப்பநிலை 293 கெல்வினாக இருந்து, 233 டிகிரி குளிர்ந்ததாகக் கணக்காகும். எஃகில் ஏறத்தாழ 560 மெகாபாஸ்கல். முக்கியமாக, நெருக்கல் இருக்க வேண்டிய இடத்தில் இழுப்பு. ஆனால் இது கண்ணில் படாமல் போகலாம், ஏனென்றால் திரையில் முதலில் வரும் வண்ணப்படம் பெரும்பாலும் வான் மிசஸ் தகைவு, எல்லாத் திசைத் தகைவுகளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது. அதற்குக் குறி கிடையாது, இழுப்பும் நெருக்கலும் ஒரே நிறம். கர்டரின் நீளவாக்குத் தகைவைத் தனியாக எடுத்து, முன்னால் கழித்தல் குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. மென் எஃகு 250 மெகாபாஸ்கலில் இளகத் தொடங்கும், அதாவது அதன் பிறகு விட்டாலும் பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பாது. கணக்கில் 900 என்று வந்தால் பாலம் விழுந்துவிட்டது என்று பொருள் இல்லை. இளகும் புள்ளியை நீங்கள் சொல்லாவிட்டால் சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, எஃகை ரப்பர் மாதிரி நேர்கோட்டிலேயே இழுத்துக்கொண்டு போகும். பாரத்தால் வரும் தகைவும் சூட்டால் வரும் தகைவும் இங்கே வேறுபடும். தலையில் வைத்த பாரம் எஃகு இளகினாலும் இறங்காது. சூடு கேட்பது குறிப்பிட்ட அளவு நீளத்தை மட்டும்தான். எஃகு கொஞ்சம் இளகி அந்த நீளத்தைக் கொடுத்துவிட்டால் தகைவு அங்கேயே நின்றுவிடும். அந்த மாதிரி இடத்தில் திரிபைப் பாருங்கள், தினமும் எத்தனை முறை ஏறி இறங்கும் என்று எண்ணுங்கள்.

பூஜ்யச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016-ல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் ஏக்கர் ஏக்கராகப் பரந்து கிடக்கும் பலகைகள் போல ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்கு விரியும், கண்ணாடி 9, சிலிக்கான் மேல் ஒட்டிய செம்பு நாடா 17. இவற்றைச் சூடாக இருக்கும்போதே ஒட்டுகிறார்கள். குளிர்ந்ததும் செம்பு அதிகமாகச் சுருங்கப் பார்க்கிறது, சிலிக்கான் விடுவதில்லை. வெளியில் யாரும் தொடாமல், எல்லா இடத்திலும் ஒரே வெப்பநிலையில், உள்ளே தகைவு நிற்கும். அங்கே பூஜ்யம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு பொருள் சேரும் விளிம்பில், மெஷ்ஷோடு ஏறிக்கொண்டே போகும் அந்த முடிவிலியும் வரும். அதனால் அந்த ஓரப் புள்ளியின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

அவளுடைய கர்டருக்குத் திரும்புகிறேன். ஒரு முனையை நீளவாக்கில் பிடித்து, மறுமுனையை நகர விட்டு ஓட்டினாள். நகரும் முனை 6.6 மில்லிமீட்டர் தள்ளியது, கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்போனது. கர்டருக்குள் தகைவு கிட்டத்தட்ட இல்லை. லேப்டாப்பை மூடப்போனவள் நின்றாள். "அக்கா, உப்புக் காத்துல அந்தப் பேரிங் துருப்பிடிச்சு இறுகிட்டா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. அந்தக் கடல் காற்றுக்காகத்தான் புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பேரிங் முழுதாக இறுகினால், அதற்குக் கீழே தூணும் அசையாமல் நின்றால், 72. முழுதாக நகர்ந்தால் பூஜ்யம். நிஜ பேரிங்கில் உராய்வு உண்டு, தூணும் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். ஆகவே விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ. நகரும் முனையில் ஒரு சுருள்வில்லை வைத்து அதன் விறைப்பைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னேன். மறுநாள் மாலை வந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். இடப்பக்கம் பூஜ்யத்தில் தொடங்கி, வலப்பக்கம் 72-ஐத் தொட்டு நின்றது. நடுவில் ஒரு புள்ளியில் பென்சிலால் வட்டம் போட்டு, 'பேரிங்கை வருஷா வருஷம் சோதிக்கணும்' என்று எழுதியிருந்தாள்.